ஆறாவது வார்டில் மூன்று ஓட்டு

ஜனவரி 30, ஞாயிறு

இந்த நோட்டு சாட்சிக்காக. போன சட்டமன்றத் தேர்தலில் நம் ஊரின் மூன்று பூத்திலும் யாருக்கு எவ்வளவு விழும் என்று முன்கூட்டியே சொன்னேன். ஏழு ஓட்டு வித்தியாசத்தில் அப்படியே விழுந்தது. மறுநாள் மைதீன் பிச்சையின் டீக்கடையில் ஒருத்தன், "பெருசு எப்பச் சொன்னாரு? ரிசல்ட்டு வந்தப்புறம்லா சொன்னாரு" என்கிறான். இனிமேல் தேதி போட்டு எழுதி வைத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

எனக்கு எழுதத் தெரியாது. கைநாட்டுதான். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என் வீட்டுக்காரி ஆவுடையம்மாள். ஐந்தாவது வரை படித்தவள். நான் எப்படிப் பேசினாலும் பத்திரிகையில் வருகிற மாதிரி திருத்தி எழுதிவிடுவாள். ஆளுக்கு ஆள் பேசிக்கொண்டதை மட்டும் பேசியபடியே விடுவாள், அப்போதுதான் அது சாட்சியாம்.

என் பெயர் குத்தாலிங்கம். வயது எழுபத்தெட்டு. சாலைப்புதுக்குளம் பேரூராட்சியில் முப்பது வருடம் தண்ணீர் திறந்துவிட்டவன். எந்த வீட்டில் எத்தனை தலை, யார் யாரோடு பேச்சு இல்லை என்பது தண்ணீர்க்காரனுக்குத் தெரியாமல் இருக்காது. எழுத்து இல்லாததால் எல்லாம் தலைக்குள்ளேயே கிடக்கிறது. ஆளின் பெயரை மறந்தாலும் சின்னம் மறக்காது. 1986இல் எங்கள் ஆறாவது வார்டில் ஏணி 143, தராசு 129, செல்லாதது 9. அன்றுமுதல் இன்றுவரை என் கணக்கு தப்பியது கிடையாது.

இப்போது பேரூராட்சித் தேர்தல். எங்கள் வார்டை இந்தத் தடவை பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். போன தடவை கவுன்சிலராக இருந்த என் தங்கை மகன் மருதப்பன் காலையிலேயே வந்துவிட்டான்.

"மாமா, நான் நிக்க முடியாது. எம் பொண்டாட்டி செண்பகவல்லிய நிப்பாட்டுதேன். நீங்க ஒரு கணக்குச் சொன்னாத்தான் கட்சியில போய் சீட்டுக் கேப்பேன். தோத்துட்டா அடுத்த தடவை என்னய வாசல்லயே நிக்க விடமாட்டாக."

கண்ணை மூடிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தேன். கீழத்தெரு, பள்ளிவாசல் தெரு, மேட்டுத்தெரு. மொத்தம் 612 ஓட்டு. விழுவது 520. வீட்டுக்கு மூத்த ஆம்பளை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் அந்த வீடு. அப்படித்தான் இதுவரை கணக்குப் போட்டிருக்கிறேன்.

"செண்பகவல்லி 310. எதிர்க்கட்சி 210. போய் சீட்டு வாங்கு" என்றேன்.

அவன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான். பக்கத்தில் என் வீட்டுக்காரி இவள் பீடித்தட்டை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே, "612ல பொம்பளைய எத்தன?" என்று கேட்டாள். 331 என்றேன். "ம்" என்றாள்.

பிப்ரவரி 3, வியாழன்

மனு தாக்கல். வேட்பாளர் மனுவில் ஏதாவது கோளாறு வந்து தள்ளுபடி ஆகிவிட்டால் என்ன செய்வது என்று எல்லாரும் பக்கத்தில் நம்பிக்கையான ஆள் ஒருவரையும் மனுப் போட வைப்பார்கள். அதற்கு டம்மி என்று பெயர். முக்கியமான மனு ஏற்கப்பட்டதும் டம்மி வாபஸ் வாங்கிவிடும். மருதப்பன் டம்மிக்கு இவளைக் கேட்டான்.

"அத்தை, சும்மா கையெழுத்துப் போட்டாப் போதும். நாலு நாளுல வாபஸ் வாங்கிரலாம்."

"எனக்கு எழுத்துக் கூட்டி மெதுவாத்தான் போட வரும்."

"எம்புட்டு நேரம் வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க."

இவள் மனுவை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். செண்பகவல்லி படிக்கவே இல்லை. புருஷன் விரல் வைத்த இடத்தில் எல்லாம் போட்டாள்.

மத்தியானம் முருங்கைக்காய்க் குழம்பு.

பிப்ரவரி 5, சனி

இரண்டு மனுவும் ஏற்கப்பட்டன. எதிர்க்கட்சிப் பெண்மணியின் மனுவும்தான். வீட்டு மோட்டாரில் எலி கடித்துவிட்டது.

பிப்ரவரி 7, திங்கள்

ஊரே சிரிக்கிற காரியம் நடந்துவிட்டது.

வாபஸ் வாங்க இன்று மூன்று மணிதான் கடைசி. இரண்டு மணிக்கு மருதப்பன் ஆட்டோ அனுப்பினான். இவள் வீட்டில் இல்லை. பீடிக்கடைக்குப் போயிருக்கிறாள் என்று அங்கே ஓடினான். காலையிலேயே பீடிக்கட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள் என்றார்கள். மேட்டுத்தெருவில் பார்த்தேன் என்று ஒருத்தி, பள்ளிவாசல் தெருவில் பார்த்தேன் என்று இன்னொருத்தி. பெண்கள் எல்லாரும் ஆளுக்கொரு திசை காட்டியிருக்கிறார்கள். ஆட்டோ வார்டை நாலு சுற்று சுற்றியது. நாலு மணிக்கு இவள் முந்தானையில் முருங்கைக்கீரையோடு வாசலில் வந்து நின்றாள்.

மருதப்பன் தலையில் கையை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"என்ன அத்தை இப்பிடிப் பண்ணிட்டீங்க?"

"இன்னைக்கா அது? மறந்தே போச்சுய்யா."

"காலையில மூணு தடவை போன் போட்டுச் சொன்னேன்லா?"

"அதான். மூணு தடவ சொன்னதுல கொழம்பிட்டேன்."

ஐம்பத்திரண்டு வருடத்தில் இவள் எதையும் மறந்ததாக எனக்கு நினைவில்லை. என் தங்கை கல்யாணத்தில் யார் யார் எந்தப் பந்தியில் உட்கார்ந்தார்கள் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லுவாள். எழுபத்து மூன்று ஆகிறது. வயது போகப் போக எல்லாருக்கும் இப்படித்தான்.

ஆக, என் வீட்டுக்காரி இப்போது ஆறாவது வார்டில் சுயேச்சை வேட்பாளர்.

பிப்ரவரி 8, செவ்வாய்

சின்னம் கொடுத்துவிட்டார்கள். இவளுக்குக் கத்தரிக்கோல். பட்டியலில் தென்னைமரம், கிரிக்கெட் மட்டை எல்லாம் இருந்ததாம். இவளே கேட்டு வாங்கியிருக்கிறாள். மட்டையாவது பையன்களுக்குத் தெரியும். கத்தரிக்கோலை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? எங்கள் வார்டில் பீடி இலை வெட்டுகிறவர்களைத் தவிர யாரும் அதைத் தொடுவதுகூட இல்லை.

சாயங்காலம் டீக்கடையில் மருதப்பன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கட்சிக்காரர்கள் கேலி செய்கிறார்களாம், மாமன் வீடே உனக்கு எதிராக நிற்கிறதே என்று. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுந்து நின்று கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"எங்க வீட்டு ஓட்டு செண்பகவல்லிக்குத்தான். இது குத்தாலிங்கம் வாக்கு."

மருதப்பன் கண் கலங்கிவிட்டான். மைதீன் பிச்சை டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான்.

"அண்ணாச்சி, எங்க வீட்டு ஓட்டுன்னா ஆவுடை மைனி ஓட்டும் சேத்தா?"

எல்லாரும் சிரித்தார்கள். இதையும் எழுது என்று இவளிடம் சொன்னேன். எழுதிவிட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பிப்ரவரி 10, வியாழன்

புதுக் கணக்கு. தேதி போட்டு எழுதச் சொன்னேன்.

செண்பகவல்லி 309. எதிர்க்கட்சி 208. ஆவுடையம்மாள் 3.

"மூணா?" என்றாள்.

"ஆமா. மூணு."

"யாரு யாரு?"

"ஒண்ணு நீ. ஒனக்கு நீ போட்டுக்கிட மாட்டியா? அது நிச்சயம். ரெண்டாவது மைதீன் பொண்டாட்டி செய்யது பீவி. நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சு இருந்ததே கெடையாது."

"மூணாவது?"

"எவனாவது கை தவறி அமுக்குவான்."

இவள் மூன்று என்பதை எண்ணிலும் எழுதி, எழுத்திலும் எழுதி, அடியில் ஒரு கோடு போட்டாள். நான் அப்படிப் போடச் சொல்லவில்லை. சாட்சி என்றால் தெளிவாக இருக்க வேண்டாமா என்றாள்.

பிப்ரவரி 12, சனி

ரசத்தில் உப்பு இல்லை. கேட்டால், "வேலை கெடக்கு" என்கிறாள்.

பிப்ரவரி 13, ஞாயிறு

பெண்கள் எப்போதும் ஒரு வீட்டில் நாலைந்து பேராகக் கூடி உட்கார்ந்து பீடி சுற்றுவார்கள். பேச்சுத் துணைக்கு. இன்று எங்கள் வீட்டில் பதினாறு பேர். எண்ணினேன். மேட்டுத்தெருவிலிருந்துகூடத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். மேட்டுத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் கோயில் கொடைவிழாவில் வந்த தகராறு, 2003இலிருந்து ஆம்பளைகள் நேருக்கு நேர் பேசுவது இல்லை. பெண்கள் ஒருத்தி தட்டில் இன்னொருத்தி இலை எடுத்துக்கொள்கிறாள்.

எனக்குக் கால் நீட்ட இடம் இல்லை.

"தாத்தா, டீக்கடையில ஒங்களத் தேடுறாகளாம்" என்றாள் ஒருத்தி.

"யாரு?"

"யாராவது தேடுவாக. போங்க."

போனேன். யாரும் தேடவில்லை. திரும்பி வந்தபோது உள்ளே ஒரே சிரிப்பு. நான் வாசலில் செருப்பைக் கழற்றியதும் எல்லாரும் தலையைக் குனிந்து சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தி மட்டும் கத்தரியைத் தூக்கிக் காட்டி, "தாத்தா, இது என்னன்னு தெரியுமா?" என்றாள். இந்தக் காலத்துப் பெண்களுக்கு மரியாதை போதவில்லை.

பிப்ரவரி 14, திங்கள்

மருதப்பன் பிரசாரம் பிரமாதம். வேனில் மைக் கட்டி மூன்று தெருவும் வந்தான். செண்பகவல்லி முன்னால் நின்று கும்பிட்டாள், பேச்செல்லாம் அவனே பேசினான். வீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் குடம் கொடுத்தார்கள். அரக்கு நிறம், நல்ல கனம். செய்யது பீவி குடத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கொடம் வந்தாச்சு. இனி தண்ணிதான் வரணும்" என்றாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. மருதப்பனும் சேர்ந்து சிரித்தான்.

இவளுக்குப் பிரசாரமே கிடையாது. நோட்டீஸ் இல்லை, வேன் இல்லை. எனக்கே பாவமாக இருந்தது.

மத்தியானம் செண்பகவல்லி தனியாக எங்கள் வீட்டுக்கு வந்து மோர் கேட்டாள். நான் உள்ளறையில் படுத்திருந்தேன். காது முன்னைப்போல் இல்லை, பாதிதான் கேட்டது.

"காலு வீங்கிப் போச்சு அத்தை. எனக்கு எதுக்கு இதெல்லாம்? ஜெயிச்சாலும் கூட்டத்துக்கு இவுகதான் போவாக. நான் கையெழுத்துப் போட மட்டும்தான்."

"அப்பிடிச் சொல்லாத தாயி. நின்னாச்சு, தலய நிமித்தி நில்லு."

அப்புறம் ஏதோ குசுகுசு. அப்புறம் செண்பகவல்லி சத்தம்போட்டுச் சிரித்தாள். கல்யாணமாகி வந்த பதினெட்டு வருடத்தில் அந்தப் பெண் சிரித்துக் கேட்டதே இல்லை. எதற்குச் சிரித்தாள் என்று இவளிடம் கேட்டேன். "மோரு புளிச்சுப் போச்சு, அதுக்கு" என்றாள்.

பிப்ரவரி 16, புதன்

டீக்கடையில் தண்ணீர்ப் பேச்சு. ஆரம்பித்தது மைதீன்.

"அண்ணாச்சி, வீட்டுல ஒரே தொந்தரவு. காலையில தண்ணி எட்டரைக்கு ஏன் வருதுன்னு எங்கிட்டக் கேக்கா. நான் என்ன டேங்க்குக்குள்ளயா இருக்கேன்?"

எட்டரைக்கு வருகிறதென்றால் அது நான் வைத்த நேரம். என் முப்பது வருடத்தில் ஒரு நாளும் தப்பவில்லை. நான் ஓய்வு பெற்று இருபது வருடமாகியும் புதுப் பையன்கள் அதே நேரத்துக்குத்தான் திறக்கிறார்கள். எட்டரை மணிச் சத்தத்தை வைத்துக் கடிகாரம் திருத்துகிறவர்கள் உண்டு. பெருமையாகச் சொன்னேன்.

"சரி அண்ணாச்சி, எட்டரைன்னு ஏன் வச்சீக?"

1972இல் வால்வுச் சாவி மேஸ்திரியிடம்தான் இருக்கும். அவர் வெளியூரிலிருந்து எட்டேகால் பஸ்ஸில் வருவார். இறங்கி ஒரு டீ குடித்துவிட்டுச் சாவியை என்னிடம் கொடுக்க எட்டரை ஆகும்.

"அந்தப் பஸ்ஸு இப்ப வருதா?"

"1994லயே நின்னு போச்சே. அதுக்கப்புறம் சாவி எங்கிட்டதான் இருந்துச்சு."

"பெறகு ஏன் மாத்தல?"

"யாரும் கேக்கல."

இந்த இடத்தை எழுதும்போது இவள் பேனாவை நிறுத்தினாள். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"யாரும் கேக்கலயா?"

யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஞாபக சக்தி அதிகம், அதுதான் சில நேரம் இடைஞ்சல். 1996இல் ஐப்பசி மாதம் இவள் ஒரு தடவை கேட்டிருக்கிறாள். ஒன்பது மணிக்குள் பீடிக்கட்டைக் கடையில் கொண்டு போட்டால்தான் பீடி சரிபார்க்கிற செக்கர் எடுப்பார், எட்டரைக்குத் தண்ணீர் வந்தால் பெண்கள் குடத்தைப் பார்ப்பதா கட்டைப் பார்ப்பதா என்று. 1999இல் ஒரு தடவை. 2001இல் மூன்று பேராக வந்து கேட்டார்கள். மருதப்பன் கவுன்சிலராக இருந்தபோது இருபது பேராகப் போய்க் கேட்டு, அவன் பார்த்துக்கொள்ளலாம் என்றான்.

"டீக்கடையில யாரும் கேக்கல" என்றேன்.

அப்படியே எழுதிக்கொண்டாள்.

பிப்ரவரி 18, வெள்ளி

பிரசாரம் முடிந்துவிட்டது. நாளை ஓட்டு. மருதப்பன் வந்து கடைசியாக ஒரு தடவை கணக்குக் கேட்டான். 309 என்றேன். "அத்தைக்கு?" என்றான். மூன்றுதான், மாற்றம் இல்லை என்றேன். இவள் அவனுக்கு அதிரசம் வைத்துக் கொடுத்தாள். அவன் சாப்பிட்டுவிட்டு, "அத்தை, மனசுல ஒண்ணும் வச்சிக்கிடாதீங்க" என்றான். "நீயும் வச்சிக்கிடாத" என்றாள் இவள்.

பிப்ரவரி 19, சனி

இன்று எழுதுவது டீக்கடை மைதீன் பிச்சை. குத்தாலிங்கம் அண்ணாச்சி நோட்டை வேட்டி மடிப்பில் வைத்து எடுத்துக்கொண்டு வந்து, கடைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதச் சொல்கிறார். இனி அவர் சொல்வது:

இதை அவளிடம் சொல்ல முடியாது. அதனால்தான் இங்கே வந்தேன். சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். வரிசையில் எனக்கு முன்னால் நாற்பது பெண்கள். இவ்வளவு வெள்ளென இத்தனை பெண்களை நான் எந்தத் தேர்தலிலும் கண்டதில்லை. சமையல் முடித்துப் பத்து மணிக்கு மேல்தான் வருவார்கள், 1967இலிருந்து அப்படித்தான். வெயிலுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று வந்திருப்பார்கள் போலிருக்கிறது.

விரலில் மை வைத்தார்கள். மறைப்புக்குள் போனேன். மிஷினில் சின்னங்கள் இருந்தன. மருதப்பன் கட்சிச் சின்னம் மேலே. எதிர்க்கட்சி அடுத்து. கடைசியில் கத்தரிக்கோல், சின்னதாக.

வாக்குக் கொடுத்தபடி மேலே உள்ள பொத்தானுக்குத்தான் விரலைக் கொண்டுபோனேன். அப்போது ஒன்று ஞாபகம் வந்தது. செய்யது பீவி மகளுக்குப் பேறுகாலம் என்று ஊருக்குப் போகப் போவதாக நேற்று மைதீன் சொன்னான். அவள் போய்விட்டால் ஆவுடைக்கு ரெண்டு ஓட்டுதான். கை தவறி அமுக்குகிறவன் எவனும் வராவிட்டால் ஒன்று. மூன்று என்று எழுதிக் கோடு போட்டு வைத்திருக்கிறோம். ஒரு தேர்தலிலும் தப்பாத கணக்கு என் வீட்டுக்காரி விஷயத்திலேயே தப்பினால் என்ன மரியாதை?

கத்தரிக்கோலை அமுக்கினேன். கீ என்று நீளமாகச் சத்தம் வந்தது. கணக்குக்காகத்தான் அமுக்கினேன். வேறு ஒன்றும் இல்லை.

வெளியே வந்ததும் மருதப்பன் ஓடி வந்து, "போட்டாச்சா மாமா?" என்றான். "போட்டாச்சு" என்றேன். பொய் இல்லை. ஆனால் அவன் கையைப் பிடித்துக் கொண்டபோது எனக்கு உடம்பு கூசியது. வாக்குத் தவறியது இதுதான் முதல் தடவை. அதுவும் தங்கை மகனுக்கு. இது இந்த நோட்டோடு இருக்கட்டும்.

(அண்ணாச்சி சொல்லி முடித்துவிட்டு மனசு லேசாகி, ஒரு வடை தின்றுவிட்டுப் போய்விட்டார். என் வீட்டுக்காரி ஊருக்குப் போகவில்லை. ஆறேமுக்காலுக்கே ஓட்டு வரிசையில் முதல் ஆளாக நின்றாள். இந்த நோட்டை வாசிக்கத் தெரிந்த ஆள் அவர் வீட்டில் யார் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. மை. பிச்சை.)

பிப்ரவரி 20, ஞாயிறு

மோட்டார் சரியாகிவிட்டது. இவள் இன்று எழுத உட்கார்ந்து நோட்டைத் திறந்ததும் இருமல் வந்து எழுந்து உள்ளே போய்விட்டாள். வெகு நேரம் கழித்து வந்து இந்த இரண்டு வரியை எழுதினாள்.

பிப்ரவரி 22, செவ்வாய்

எண்ணிக்கை. பேரூராட்சி அலுவலகத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தோம். ஆறாவது வார்டுக்கு ஏஜெண்டாக மருதப்பன் உள்ளே போயிருந்தான். இவள் வரவில்லை, இலை வெட்ட வேண்டும் என்றுவிட்டாள்.

பத்தே முக்காலுக்கு மைக்கில் சொன்னார்கள். எனக்குக் காது சரியில்லை என்பதால் மைதீனைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். அவன் சொன்னான். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

ஆவுடையம்மாள் 287. செண்பகவல்லி 151. எதிர்க்கட்சி 83.

விழும் என்று நான் சொன்ன மொத்தம் 520. விழுந்த மொத்தம் 521. மொத்தத்தில் ஒரே ஒரு ஓட்டுதான் வித்தியாசம் என்பதை யாராவது கவனித்தார்களா? கவனிக்கவில்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் மரத்துக் காக்கை எல்லாம் பறந்துவிட்டது.

"பெருசு, மூணுன்னு சொன்னீரே, பின்னால ரெண்டு எழுத்து விட்டுப் போச்சா?"

"எழுதிவேற வச்சிருக்காராம்லா! கொண்டாரும், பாப்போம்!"

மருதப்பன் வெளியே வந்தான். முகம் வெளுத்திருந்தது. திட்டப் போகிறான் என்று நினைத்தேன், நான் சொன்ன கணக்கை நம்பித்தானே சீட்டு வாங்கினான். அவன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"மாமா, மேட்டுத்தெரு பொம்பளைய ஓட்டு ஒண்ணுகூட எனக்கு விழல. நான் குடுத்த கொடத்தத் தலையில வச்சிக்கிட்டே போய் அத்தைக்குப் போட்டிருக்காக."

"எனக்குத் தெரியாது மாப்ளை. சத்தியமாத் தெரியாது."

"ஒங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும் மாமா. வீட்டுல செண்பகவல்லி காலையிலேயே பாயாசம் வச்சிட்டா. ஜெயிச்சதும் குடிக்கன்னு நெனச்சேன். இப்பப் போன் போட்டுச் சொன்னா, அத்தைக்கும் ஒரு தூக்குல அனுப்பட்டுமான்னு கேக்கா."

சொல்லிவிட்டு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

வீட்டுக்கு வந்தால் தெரு நிறையப் பெண்கள். கத்தரிக்கோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குலவை போடுகிறார்கள். கீழத்தெருவும் மேட்டுத்தெருவும் ஒரே கூட்டமாக நின்றது. ஆம்பளைகள் எதிரெதிர்ச் சுவரோரம் ஒதுங்கி நின்று யார் முகத்தையும் பார்க்காமல் இருந்தார்கள். இவள் கழுத்தில் ஒரு கதம்ப மாலை. என்னைப் பார்த்ததும், "சாப்பாடு எடுத்து மூடி வச்சிருக்கேன், போட்டுச் சாப்பிடுங்க" என்றாள். இவள் வந்து பரிமாறாமல் நான் சாப்பிட்டது இன்றுதான்.

பிப்ரவரி 23, புதன்

காலையில் மருதப்பன் பழத்தட்டோடு வந்தான், கட்சிக்காரர் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு. தலைவர் தேர்தலுக்கு அவர்களுக்கு ஒரு கவுன்சிலர் ஓட்டு குறைகிறதாம். சுயேச்சை இவள் ஒருத்திதான்.

"அத்தை, நீங்க பாத்து ஒரு வார்த்தை சொல்லணும்."

"தண்ணி ஆறு மணிக்கு வரட்டும். வந்த மறுநாளு சொல்லுதேன்."

"அது தீர்மானம் போடணும் அத்தை, ஓவர்சியரக் கேக்கணும்..."

"வால்வத் திறக்கத் தீர்மானம் எதுக்கு? இந்தா இருக்காகளே, இவுக பஸ்ஸுக்கு நேரம் பாத்து வச்சதுதான? இவுகளே வந்து மாத்திக் குடுப்பாக."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆகட்டும் என்றேன்.

அவர்கள் போன பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுதப் போகிறாள் என்று நினைத்தேன். பக்கத்தைப் பின்னால் புரட்டினாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மைதீன் எழுதிய பக்கம் இந்த நோட்டில்தானே இருக்கிறது! எழுதி மூடிவிட்டால் போதும் என்று நினைத்துவிட்டேன். என் ஒருத்தனுக்குத்தான் அது மூடிய நோட்டு.

சத்தமாக வாசித்தாள். "கணக்குக்காகத்தான் அமுக்கினேன். வேறு ஒன்றும் இல்லை" என்ற இடத்தை இரண்டு தடவை வாசித்தாள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஞாயித்துக்கெழமையே படிச்சிட்டேன்" என்றாள்.

"அப்ப அந்த இருமலு?"

"சிரிப்ப அடக்குனா இருமல்தான் வரும்."

"ஏளா, எல்லாம் சரி. மருதப்பனுக்குக் குடுத்த வாக்கு போச்சேன்னுதான் எனக்கு ஒரு இது. நாலு பேரு முன்னால சொன்னது."

"போகலயே."

"எப்பிடிப் போகல?"

"நான் போட்டுட்டேன்லா, செண்பகவல்லிக்கு."

எனக்கு விளங்கவில்லை. மறுபடி கேட்டேன்.

"நீங்கபாட்டுக்கு எங்க வீட்டு ஓட்டுன்னு கடையில எந்திரிச்சு நின்னு சொல்லிட்டு வந்துட்டீங்க. மிஷினப் பாத்ததும் ஒங்களுக்குக் கை எங்க போகும்னு எனக்குத் தெரியாதா? ரெண்டு பேருமே வாக்குத் தவறுனா வீட்டுக்கு நல்லாருக்குமா? அதான் நான் அந்தப் பிள்ளைக்குப் போட்டேன். பாவம், காலு வீங்க நடந்திருக்கா."

"ஒரு ஓட்டுல தோத்திருந்தா என்ன செஞ்சிருப்ப?"

"எப்பிடித் தோப்பேன்? எரநூத்தித் தொண்ணூறுன்னு நாங்க தட்டுல பீடிய வச்சு எண்ணியிருந்தோம். மூணு கொறையுது. அது எந்த வீடுன்னும் தெரியும்."

எழுபத்தெட்டு வயதில் இப்படி ஒரு அடி. மூன்று பேரை நான் சொன்னேன். கை தவறியவன் நானே. செய்யது பீவி முதல் ஆளாக நின்று போட்டுவிட்டாள். இவள் தனக்குத் தானே போட்டுக்கொள்வாள், அது ஒன்றுதான் நிச்சயம் என்று சொல்லி எழுத வைத்தேன்.

இவளுக்கு விழுந்த 287இல் அந்த ஓட்டு ஒன்றுதான் இல்லை.